கொல்லைப்புறத்தில் தொடங்கும் காடு

நுழையும்முன்

காடு என்றதும் தொலைவிலுள்ள மலையும் அடர்ந்த மரங்களும் உறுமும் புலியும் நினைவுக்கு வருகின்றன. நகரத்தில் பிறந்து நகரத்திலேயே வளரும் குழந்தைக்குக் காடு ஓவியத்தில் மட்டுமே இருக்கும் ஒன்றாகிவிடுகிறது. அந்த ஓவியமும் பிழையாக இருந்தால் குழந்தையின் அறிவும் பிழையாகவே வளரும். சரியாகப் பார்க்கவும், பார்த்ததைச் சரியாக வரையவும், வரைந்ததைச் சிரிப்போடு சொல்லவும் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாறு இது.

பருந்தும் பாரந்தூக்கியும்

வடசென்னையின் கடற்கரை உழைப்பின் கரை. இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையம் இன்றும் நிற்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்னரே ஏலக்குரல் எழுகிறது. திருவொற்றியூர்ச் சாலையில் சரக்குப்பெட்டி ஏற்றிய கனரக வண்டிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தைத் தொடுகின்றன. இங்கு வளரும் குழந்தை மரங்களைவிடப் பாரந்தூக்கிகளையே மிகுதியாகக் காண்கிறது.

ஆயினும் அதே வானத்தில் செம்பருந்து வட்டமிடுகிறது. மீன் காயவைத்த இடங்களில் காகங்கள் கூடுகின்றன. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் எஞ்சி நிற்கும் அலையாத்திச் செடிகளின் வேர்களிடையே நண்டும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. சேற்றில் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. இவற்றைப் பார்க்கும் கண் இருந்தால் காடு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பார்க்கும் கண் இல்லையெனில் முதுமலைக்கே அழைத்துச் சென்றாலும் காடு தென்படாது.

இவ்வுண்மையை அரை நூற்றாண்டுக் காலம் எழுத்தாலும் கோட்டோவியத்தாலும் ஒளிப்படத்தாலும் எடுத்துரைத்தவர் மா. கிருஷ்ணன். இந்திய இயற்கை எழுத்தாளர்களுள் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படும் அவர், ஒரு குழந்தையைச் சிரிக்க வைப்பதற்காக விலங்குகளைப் பற்றிய பாட்டும் படமும் கொண்ட நூல் ஒன்றையும் படைத்தார்.

எழுத்தாளரின் இல்லம்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா, தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவர். 1898ஆம் ஆண்டு வெளிவந்த பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலால் நிலைத்த புகழ் பெற்றவர். அவர் சென்னை மாகாணத்தின் உப்பு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் அலுவலராகப் பணிபுரிந்தார். அத்துறையின் கண்காணிப்பில் இருந்த உப்பளங்கள் கடற்கரை நெடுக, எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு வரையிலும் பரவியிருந்தன.

மாதவையா உரிய காலத்திற்கு முன்பே பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறி, அச்சகம் ஒன்றை நிறுவினார். 1924ஆம் ஆண்டு பஞ்சாமிர்தம் என்னும் இதழைத் தொடங்கினார். அச்சு மையின் மணமும் எழுத்தைப் பற்றிய பேச்சும் நிறைந்த அந்த இல்லத்தில் உடன்பிறந்தோர் பலரும் படிப்பில் நாட்டம் கொண்டு வளர்ந்தனர். மூத்தவருள் ஒருவரான அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்ததோடு ஆங்கில நாவலாசிரியராகவும் விளங்கினார்.

அக்காலத்து மயிலாப்பூர் இன்று காணும் மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கிடையே புதர்க்காடுகள் இருந்தன. இரவில் நரிகள் ஊளையிட்டன. வெளிமான்கள் மேய்ந்தன. பறவைகளுக்குக் குறைவே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். கீரி எவ்வாறு மோப்பம் பிடிக்கிறது, எவ்வாறு முதுகை வளைக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எதற்கு அஞ்சாது என்பனவற்றை அவன் நூல்களில் படித்தறியவில்லை. வீட்டுத் திண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் அவற்றைக் கண்டறிந்தான்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அந்த இல்லத்தின் மீது பேரிடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவைக் கூட்டத்தில், இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய மாதவையா, உரையை முடித்து அமர்ந்த சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தாய்மொழிக்காகப் பேசியபடியே தந்தை மறைந்த நிகழ்வு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர எழுதப்போகும் அம்மகனின் வாழ்வின் தொடக்கத்திலேயே நேர்ந்தது.

செடிகளும் தூரிகையும்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய அறிஞர் அவர். ஆசிரியர் செடிகளைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும்போது கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியார் டயானா ரூத் ஃபைசன் தாவர ஓவியத்தில் தேர்ந்தவர். நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களை அவரிடம் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார்.

தாவர ஓவியம் மற்ற ஓவியங்களைப் போன்றதன்று. பூவின் இதழ்கள் எத்தனை, இலைகள் எதிரெதிரே அமைந்தனவா மாறிமாறி அமைந்தனவா, காம்பில் மயிர் உண்டா இல்லையா என்பனவெல்லாம் அதில் பிழையின்றி இருத்தல் வேண்டும். அழகுக்காக ஓர் இதழைக் கூட்டினால் அது வேறு செடியாகிவிடும். கண்ணால் கண்டதற்கு மேல் கை செல்லக் கூடாது என்னும் இவ்வொழுக்கம், பின்னாளில் அவர் வரைந்த வேடிக்கைப் படங்களிலும் மாறாமல் நின்றது.

1931ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், பின்னர் முதுகலைப் படிப்பையும் 1936ஆம் ஆண்டு சட்டப் படிப்பையும் முடித்தார். எனினும் வழக்கறிஞர் தொழில் அவரைக் கவரவில்லை. இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் கேலிச்சித்திரங்கள் வரைந்தும் சிறு வருவாய் ஈட்டினார். அச்சகத்திலும் கலைப் பள்ளியிலும் வானொலியிலும் சில காலம் பணியாற்றினார். 1937ஆம் ஆண்டு இந்துமதியை மணந்தார். குடும்பம் அமைந்தபின் நிலையான வருவாய் தேவைப்பட்டது.

சந்தூரில் ஏழாண்டுகள்

1942ஆம் ஆண்டு பல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. மலைகளால் சூழப்பட்ட அந்நாட்டில் அவர் ஒரே பணியில் நிலைக்கவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், செய்தி விளம்பர அலுவலராக இருந்தார், மன்னரின் அரசியல் செயலராகவும் இருந்தார்.

பணி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் காட்டுக்கே உரியதாயிற்று. ஆடுகளை வாங்கி மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்து, அவற்றின் வழியே மடல் அனுப்பும் அஞ்சல் முறை ஒன்றை நடத்திப் பார்த்தார். நாட்டை ஆளும் பணியில் துணைநின்ற ஒருவர் ஆட்டு மந்தையோடு அலைவதும் புறாவின் காலில் மடல் கட்டுவதும் பிறருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். கிருஷ்ணனுக்கோ அவை கல்வியாகவே அமைந்தன. மேய்ப்பவன் கண்ணுக்கே புல்லின் வகையும் ஓநாயின் வரவும் தெரியும். புறா வளர்ப்பவனுக்கே வல்லூறின் வேகம் விளங்கும்.

இந்தியா விடுதலை பெற்றபின் 1949ஆம் ஆண்டு சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மாதச் சம்பளம் தரும் மற்றொரு பணியை நாடாமல், எழுத்தையும் ஓவியத்தையும் ஒளிப்படத்தையுமே பிழைப்பாகக் கொள்வது என்று முடிவு செய்தார். இயற்கையைப் பற்றி எழுதிப் பிழைக்கலாம் என்பதை யாரும் எண்ணிப் பாராத காலம் அது. வறுமைக்கு அஞ்சாத அம்முடிவே அவருடைய பிற்கால வாழ்வு முழுவதையும் வடிவமைத்தது.

நாற்பத்தாறு ஆண்டுகள்

1950ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் நாட்டுப்புறக் குறிப்பேடு என்னும் பொருள்படும் ஆங்கிலப் பத்தி ஒன்றை அவர் எழுதத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்தது. நாளிதழின் ஆசிரியர்கள் மாறினர், அச்சுத் தொழில்நுட்பம் மாறியது, பத்தி நிற்கவில்லை. பல கட்டுரைகளுக்கு அவரே கோட்டோவியமும் வரைந்தார்.

அவர் எழுதியவை பெரும்பாலும் சிற்றுயிர்களைப் பற்றியவை. காகம், அணில், பல்லி, ஓணான், மைனா, தவளை, தெருநாய், ஆடு ஆகியவற்றுக்கு யானைக்கும் புலிக்கும் தந்த அதே மதிப்பை அவர் தந்தார். காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடும் காட்சியைக் காண எந்தக் காப்புக்காட்டுக்கும் செல்ல வேண்டியதில்லை. ஆண்குயில் காகங்களைத் துரத்தவிட்டு ஏய்க்க, அந்த இடைவெளியில் பெண்குயில் முட்டையிட்டுச் செல்லும் நாடகம் மயிலாப்பூர்த் தென்னையிலும் நடக்கும்; தண்டையார்பேட்டை வேம்பிலும் நடக்கும். 1961ஆம் ஆண்டு அவருடைய கட்டுரைகளும் ஓவியங்களும் நூலாக வந்தபோது காடும் கொல்லைப்புறமும் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பே அதற்கு அமைந்தது. இரண்டையும் ஒரே தலைப்பில் இணைத்ததில் அவருடைய கொள்கை முழுவதும் அடங்கியுள்ளது.

அவர் கண்டிப்பானவர். பிழையான செய்தியைப் பொறுக்கமாட்டார். அது அறிஞர் எழுதியதாயினும் மறுப்பார். நகரச் சாலைகளில் வெளிநாட்டு மரங்களை வரிசையாக நட்டு அதையே இயற்கைப் பாதுகாப்பு என்று கருதும் போக்கை அவர் கடுமையாக எதிர்த்தார். கோடையில் செந்தீப் போலப் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. இந்நாட்டிற்கே உரிய இலவும் புரசும் அதே போலச் செம்மலர் சூடுபவை. வந்த மரத்தைப் பாராட்டுவோர் சொந்த மரத்தின் பெயரை அறியாதிருப்பது அவருக்கு வேதனை தந்தது. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயில்களிலும் இலக்கியங்களிலும் இருப்பதைப் போலவே அதன் செடிகொடிகளிலும் விலங்குகளிலும் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து.

கானகத்தில் கருப்பு வெள்ளை

கிருஷ்ணன் ஒளிப்படக் கலையிலும் தனித்து நின்றார். வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த ஒளிப்படக்கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறிக் காட்டுக்குள் செல்வது அவர் வழக்கம். யானை மீது வருவோரைக் கண்டு பிற விலங்குகள் அவ்வளவாக மிரள்வதில்லை. முதுமலையிலும் பெரியாற்றிலும் காட்டுயானைக் கூட்டங்களை இம்முறையில் நெடுங்காலம் கவனித்துக் குறித்தார்.

1968ஆம் ஆண்டு அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளை ஆராய்ந்தார். காட்டுயிர்களின் அன்றைய நிலையை நேரில் கண்டு பதிவுசெய்த அவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினராகவும், 1973ஆம் ஆண்டு தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை நெறிப்படுத்திய குழுவில் ஒருவராகவும் இருந்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகளாவிய ஐந்நூற்றுவர் மதிப்புப் பட்டியலில் 1995ஆம் ஆண்டு அவர் பெயர் இடம்பெற்றது.

செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் அவர் மனத்துக்கு நெருக்கமான இடங்களுள் ஒன்று. அதைப் பற்றி அவர் எழுதியுள்ளார். அங்கு ஏரி நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. அதனால் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். அறிவும் பயனும் அன்பும் ஒன்றாகச் சேரும்போது காவல் தானே அமைகிறது என்பதற்கு வேடந்தாங்கல் சான்றாக நிற்கிறது.

பேத்திக்காக ஒரு நூல்

அறிவையும் அன்பையும் எந்த வயதில் ஊட்டுவது? வளர்ந்தவர்க்கு நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதிய கிருஷ்ணன், இவ்வினாவுக்கு விடையாகத் தம் வீட்டுக் குழந்தைக்கென ஒரு நூலை உருவாக்கினார். ஆங்கில எழுத்து வரிசையில் விலங்குகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் பற்றி எதுகை நயமுள்ள வேடிக்கைப் பாட்டு எழுதி, அருகே படமும் வரைந்தார். அது அவருடைய பேத்திக்காக எழுதப்பட்டது. பதிப்பாளரையோ விருதையோ எண்ணிச் செய்த வேலையன்று. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்நூல் அச்சேறிப் பிற குழந்தைகளின் கைகளை அடைந்தது.

இத்தகைய நூல்களுக்கு உலகெங்கும் ஒரு மரபு உண்டு. கிளிகளை உயிரோட்டத்துடன் வரைந்த ஓவியரான எட்வர்ட் லியர், ஒரு பிரபுவின் மாளிகையில் பறவைகளை வரையத் தங்கியிருந்தபோது அங்கிருந்த சிறுவர்களை மகிழ்விக்கப் பொருளற்ற வேடிக்கைப் பாடல்களைப் படத்தோடு புனைந்தார். அவை 1846ஆம் ஆண்டு நூலாயின. அவர் பின்னர் இந்தியாவுக்கு வந்து 1874இல் சென்னையையும் கண்டு சென்றார். இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர், நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தேற்ற 1893ஆம் ஆண்டு எழுதிய பட மடலே பீட்டர் என்னும் முயலின் கதையாக வளர்ந்தது. காளான்களை ஆராய்ந்து வரைந்த அவர், தம் நூல்களால் பெற்ற செல்வத்தைக் கொண்டு நிலங்களை வாங்கி, இறக்கும்போது 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை மக்களுக்காக விட்டுச் சென்றார். வங்கத்தில் சுகுமார் ராய், இரண்டு விலங்குகளின் உடலை ஒன்றாக்கிய விசித்திர உயிர்களை வரைந்து சிறுவரைச் சிரிக்க வைத்தார். இவர்களுள் பலர் முதலில் எண்ணிப் பார்த்தது எதிரிலிருந்த ஒரு குழந்தையைத்தான்.

வேடிக்கை கற்பிக்கும் வழி எளியது. குழந்தை சிரித்ததை மறப்பதில்லை. சிரிப்போடு சேர்ந்து வந்த செய்தியும் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால், அச்செய்தி உண்மையாக இருக்க வேண்டும். முள்ளம்பன்றி தன் முள்ளை அம்பு போல எய்யும் என்று நம்புவோர் உண்டு. பழந்தமிழில் அதற்கு எய் என்றே பெயர். உண்மையில் அது முள்ளை எய்வதில்லை. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்னோக்கிப் பாய்ந்து எதிரியின் உடலில் குத்திவிடுகிறது. பகைவனை நோக்கிப் பின்புறமாக ஓடும் வீரன் என்று அதை வரைந்தால் குழந்தை சிரிக்கும், உண்மையையும் கற்கும். முள்ளை எய்வதாக வரைந்தாலும் குழந்தை சிரிக்கும். ஆனால் பொய்யைக் கற்கும். இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு ஓவியரின் கைத்திறத்தில் இல்லை. அவர் காட்டில் கழித்த பொழுதில் இருக்கிறது.

எறும்புத்தின்னியாகிய அழுங்குக்குப் பல் இல்லை; ஆபத்து வந்தால் செதிள் போர்த்த பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் மனிதர் கழுத்திலும் எலும்புகள் ஏழுதான். யானை துதிக்கையால் நீரை உறிஞ்சினாலும் குடிப்பது வாயால்தான். இயற்கையிலேயே இத்தனை வியப்பும் வேடிக்கையும் நிறைந்திருக்க, விலங்குக்குச் சட்டை அணிவித்துப் பொய்ச்சிரிப்பு உண்டாக்கத் தேவையில்லை. கிருஷ்ணனின் நகைச்சுவை இவ்வுண்மையில் ஊன்றி நின்றது. விலங்கைக் கேலிக்குரியதாக்காமல், விலங்கை அறியாத மனிதரைப் பார்த்தே அவர் மெல்லச் சிரித்தார்.

தமிழில் விட்டுச் சென்றவை

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். பறவைகள், விலங்குகள், மரங்கள் குறித்து அவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகளைச் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்தார். மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் அது நூலாக வந்தது. கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலும் அவர் எழுதியதே. பிறமொழிச் சொற்களை வலிந்து நாடாமல், உழவரும் ஆயரும் வேட்டுவரும் வழங்கிய பெயர்களைக் கொண்டே உயிரினங்களைத் தமிழில் விளக்க முடியும் என்பதற்கு அவர் கட்டுரைகள் சான்று.

அவர் வாழ்ந்த காலத்திலேயே தமிழில் குழந்தைகளுக்கான அறிவு நூல்கள் வளரத் தொடங்கியிருந்தன. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் படங்களோடு உயிரினங்களையும் அறிமுகப்படுத்தியது. எனினும், கிருஷ்ணன் தம் பேத்திக்குத் தந்ததைப் போல, அகர வரிசையில் இந்நிலத்து உயிர்களை நிறுத்திப் பாட்டும் பிழையற்ற படமும் நகையும் ஒன்றாய்க் கலந்து அவர் கையால் ஒரு தமிழ் நூல் அமையவில்லை. அணிலுக்கும் ஆந்தைக்கும் இறாலுக்கும் ஈசலுக்கும் உடும்புக்கும் ஊமத்தைக்கும் எறும்புக்கும் அவ்வரிசையில் இடம் காத்திருக்கிறது. தமிழுக்காகப் பேசி மறைந்த தந்தையின் மகன் விட்டுச் சென்ற அவ்விடத்தை நிரப்பும் கடமை அவருக்குப் பின்வந்தோருடையது.

கழிமுகத்தில் ஒரு பாடம்

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் சென்னையில் மறைந்தார். அன்றைய நாளிதழிலும் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது. எண்பத்து மூன்றாம் வயதில், உயிர் பிரியும் நாள் வரை அவர் எழுத்து நிற்கவில்லை.

அவர் சிறுவயதில் கண்ட மயிலாப்பூர்ப் புதர்க்காடு இன்று இல்லை. சென்னையின் வெளிமான்கள் கிண்டிப் பூங்காவின் வேலிக்குள்ளும் அதனை ஒட்டிய வளாகங்களிலும் எஞ்சியுள்ளன. வடக்கிலும் மாற்றம் குறைவன்று. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், தெற்கே மெரினாவில் மணலைப் பெருக்கியது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் அரிக்கக் காரணமாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. அலையாத்திக் காடு சுருங்கியது. மீன்பிடித்து வாழ்வோரின் வலை இலேசாயிற்று. பெயர் தெரியாத செடி அழியும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. பெயரறிந்த செடி அழியும்போதுதான் அதன் வேரில் வளர்ந்த இறாலைப் பற்றியும் அந்த இறாலை நம்பிய குடும்பத்தைப் பற்றியும் கேள்வி பிறக்கிறது.

எண்ணூரில் வளரும் ஒரு குழந்தை, சேற்றில் ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்டு அதை ஆட்டி ஆட்டி இணையை அழைக்கும் ஆண் நண்டைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்நண்டு ஏன் அவ்வாறு செய்கிறது என்று அடுத்துக் கேட்கிறது. அக்கேள்விக்குப் பிழையற்ற விடை தரும் ஒரு படமும் ஒரு பாட்டும் கிடைத்துவிட்டால் அக்குழந்தையின் காடு அந்தச் சேற்றிலேயே தொடங்கிவிடும். மா. கிருஷ்ணன் தம் கொல்லைப்புறத்தில் கீரிப்பிள்ளையோடு தொடங்கியதும் அவ்வாறே.

தெரிந்து தெளிவோம்

கழிமுகம்: ஆறு கடலில் கலக்குமிடம். நன்னீரும் உவர்நீரும் கலப்பதால் மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இளம் பருவ வாழ்விடமாக அமைகிறது.

அலையாத்தி: உவர்நீரில் வளரும் தாவரம். சேற்றிலிருந்து மேல்நோக்கி எழும் மூச்சுவேர்களைக் கொண்டது. அலையின் வேகத்தைத் தணிப்பதால் இப்பெயர் பெற்றது. கண்டல் என்பது இவ்வகைத் தாவரங்களுள் ஒன்று.

வெளிமான்: திறந்த புல்வெளியில் வாழும் மான். ஆண்மான் கரிய முதுகும் முறுக்கிய கொம்பும் உடையது. பழந்தமிழில் இரலை என வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் ஒரு வாரத்தில் காணும் பறவைகளையும் சிற்றுயிர்களையும் பட்டியலிட்டு, அவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. ஏதேனும் ஓர் உயிரினத்தை நேரில் கவனித்து, உண்மைச் செய்தி ஒன்றை உள்ளடக்கிய நான்கடி வேடிக்கைப் பாட்டு ஒன்றைக் குழந்தைகளுக்காக இயற்றிப் படம் வரைக.

3. பெயர் அறிதலே பாதுகாத்தலின் முதற்படி என்னும் கருத்தை உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலை ஒன்றோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.